உப்போடைக்கு அக்கரையில் நின்ற நெருப்பு

கோரைமுனையைவிட்டு நெருப்பை யாரும் விரட்டவில்லை. நாங்கள்தான் அதைச் சட்டியில் எடுத்துக்கொண்டுபோய், கும்பிட்டு, மரியாதையாக வழியனுப்பிவைத்தோம், அதனால் பிறகு அது வராமல் இருந்ததற்கு அதன்மேல் குற்றம் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வந்ததில்லை.

ராமநாதபுரத்துக் கடற்கரையில் எங்கள் ஊர் ஒரு நாக்கைப்போல் நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் உப்போடை. வடக்கே கடல் அலையில்லாமல் தாம்பாளத்தில் ஊற்றிவைத்த தண்ணீர்போல் கிடக்கும். அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான், ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டைகட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில், தண்ணீரில் இறங்குகிற விமானங்களை நிறுத்துவதற்கு இதுவே இடமென்று வெள்ளைக்காரப் பட்டாளம் எங்கள் ஊருக்கு வந்தது. வந்தவர்கள் ஊருக்குப் பின்னாலிருந்த மணல்மேடுகளைத் தோண்டி, ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவுக்கு இருந்த இரும்புத் தொட்டிகளை இறக்கி, விமானத்துக்கான பெட்ரோலை அதில் நிரப்பி, மணலை மூடி, மணலுக்குமேல் தாழம்புதர்களைக் கொண்டுவந்து நட்டு, ஆகாயத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். தாழை பிழைத்துக்கொண்டு அந்த வருஷமே பூத்தது. பூவில் பெட்ரோல் வாடை அடித்தது.

அதன் பிறகு ஒருநாள் பட்டாளத்துக் காப்டனும், அவனுக்குத் துபாஷியாக இருந்த பாம்பன்காரர் தனிஸ்லாஸும் ஊர் நடுவில் வந்து நின்றார்கள்.

"ஊருக்குள்ள இனிமே நெருப்பே கூடாதுன்னு தொரை சொல்றாரு," என்றார் தனிஸ்லாஸ். "அடுப்பு, வெளக்கு, பீடி, சுருட்டு, ஒண்ணும் கூடாது. ஒரு பொறி பறந்துச்சுன்னா நீங்களும் இல்ல, நானும் இல்ல, தொரையும் இல்ல."

"தொரை இல்லாமப் போறதுல நமக்கு என்னப்பு நட்டம்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. தனிஸ்லாஸ் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

"சோறு?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் உமையணன் அம்பலம்.

"சோத்துக்குப் பட்டாளம் பொறுப்பு. வேளைக்கு வண்டியில வந்துரும்."

சோற்றைப் பற்றி அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஆனால் சிப்பாய்கள் வாளியில் தண்ணீரோடு வீடுவீடாக நுழையப் போனபோது, பெண்கள் எல்லாரும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் கிடையாது. புதிதாக வருகிற மருமகளுக்கு மாமியார் தன் அடுப்பிலிருந்து ஒரு சட்டி கங்கு கொடுப்பாள். அதைத்தான் அவள் தன் அடுப்பில் வைத்து வளர்ப்பாள். படுக்கப் போகும்போது கங்கைச் சாம்பலுக்குள் புதைப்பாள், விடிந்ததும் ஊதி எழுப்புவாள். அணைத்தேன் என்று சொல்ல மாட்டாள், தூங்கவைத்தேன் என்பாள். அப்படி எல்லா வீட்டிலும் எரிந்தது ஒரே நெருப்புதான், யாருடைய முப்பாட்டியோ எந்தக் காலத்திலோ ஏற்றியது. ஊரைவிட்டுக் குடிபெயர்கிறவர்கள்கூடக் கங்கையும் எடுத்துக்கொண்டு, அடுப்புக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு, விளக்குமாற்றுக் குச்சிவரை வாரிக்கொண்டுதான் போவார்கள். போகிறவன் தன் சாமானை விட்டுவிட்டுப் போவான் என்பது எங்கள் ஜனங்களின் புத்திக்கு எட்டாத காரியம்.

என் மனைவி சீனியம்மாள் அந்தத் தை மாதம்தான் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அடுப்பில் அப்போது கரிகூடச் சரியாகப் பிடித்திருக்கவில்லை.

தண்ணீர் ஊற்ற வேண்டாம், நாங்களே அனுப்பிவிடுகிறோம் என்று அம்பலம் சொன்னார். ஒரு சாயங்காலம் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு சட்டியில் கங்கை ஏந்திக்கொண்டு வரிசையாக நடந்து, உப்போடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறி, அக்கரை மணலில் சட்டிகளை இறக்கிவைத்தார்கள். அம்பலம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய் திறக்கப்போன நேரத்தில் சீனியம்மாள் குறுக்கே பேசினாள். வந்து ஒரு மாதம்கூட ஆகாத மருமகள், சபையில் பேசினாள்.

"மாமா, சண்டை முடியிற வரைக்கும்னு சொல்லுங்க. சாமான் இருக்கிற வரைக்கும்னு சொல்லிறாதீக."

"ரெண்டும் ஒண்ணுதானத்தா. சண்டை முடிஞ்சா அவன் போவான். போறவன் சாமான வெச்சுட்டா போவான்?"

"வெச்சுட்டுப் போயிட்டா?"

"ஏத்தா, இம்புட்டுச் சொத்த மண்ணுக்குள்ள போட்டுட்டு அப்படியே எந்திரிச்சுப் போறதுக்கு அவன் என்ன கிறுக்கனா? ஒலகத்தையே ஆளுறவன்."

எல்லாரும் சிரித்தார்கள். சீனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்பலம் ஓடைக்கரையில் பூத்திருந்த உப்பை ஒரு பிடி அள்ளி நெருப்பின் முன்னால் நின்று சொன்னார்:

"ஆத்தா, ஒன்னய நாங்க அணைக்கல. அனுப்புறோம். வெள்ளைக்காரன் சாமான் எங்க மண்ணுக்குள்ள இருக்கிறமட்டும் ஓடையத் தாண்டி வராத. அது மண்ணவிட்டுப் போன பெறகு வா. உப்புமேல சத்தியம்."

எல்லாச் சட்டியிலும் கங்கு ஒருதரம் மினுங்கி, சரியென்று தலையாட்டியதுபோல் அடங்கியது.

சண்டை எங்கேயோ நடந்து எங்கேயோ முடிந்தது. எங்கள் ஊருக்கு ஜப்பான்காரன் வரவில்லை, விமானங்களும் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் இறங்கி வாத்துகள்போல் மிதந்துவிட்டுப் போனதோடு சரி. பட்டாளம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பியது. கயிற்றைச் சுருட்டினார்கள், கட்டிலை மடக்கினார்கள், கொடிக்கம்பத்தைப் பிடுங்கினார்கள், நாய்களைக்கூட ஏற்றிக்கொண்டார்கள். போகிறபோது வீட்டுக்கொரு தீப்பெட்டியை இனாமாகக் கொடுத்து, இனி நீங்கள் தாராளமாகச் சமைக்கலாம் என்று தனிஸ்லாஸ் மூலமாகச் சொல்லிவிட்டும் போனார்கள். மணலுக்குள் இருந்ததை மட்டும் எடுக்கவில்லை.

அம்பலம் தன் வீட்டு முற்றத்தில் முதல் குச்சியைக் கிழித்தார். களிமண்ணில் கிழித்ததுபோல் அது வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படியே. ஓடையைத் தாண்டிப்போய்க் கிழித்தால் சடாரென்று பற்றியது, பற்றிய குச்சியோடு ஓடைக்குள் இறங்கினால் நடுத் தண்ணீரில் காற்றில்லாமலே ஒடுங்கியது. பஸ் வராத நாளில் சொல்வதுபோல, "வரல," என்றார் அம்பலம். ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சொன்ன வார்த்தைக்கு அது கட்டுப்பட்டு நிற்கிறது, சாமான் உள்ளே கிடக்கிறது, அவ்வளவுதான். அம்பலம் அதற்குப் பிறகு சீனியம்மாளின் முகத்தைப் பார்த்துப் பேசாமலே செத்துப்போனார்.

அப்புறம் நாங்கள் அதற்கும் பழகிக்கொண்டோம். அக்கரை மணலில் வீட்டுக்கொரு அடுப்பாக வரிசையாகப் போட்டுக்கொண்டோம். பெண்கள் காலையில் அரிசிப் பானையோடு ஓடையைக் கடந்துபோய் ஆக்கி, தலையில் சுமந்துகொண்டு திரும்பி வருவார்கள், வீடு சேர்வதற்குள் சோறு ஆறிவிடும், அதனால் சுடுசோறு என்பது எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்குப் போன ஊர்களில் கண்ட அதிசயம். பீடி பிடிக்கிறவர்கள் மாலையானால் அக்கரையில் குந்தியிருப்பார்கள். கல்யாண ஓமம் ஓடைக்கரையில் வளர்ந்தது. அம்மன் கோயிலில் எண்ணெய் ஊற்றித் திரிபோட்டு ஏற்றாத விளக்கை வைத்தோம், அம்மனும் இருட்டுக்குப் பழகிக்கொண்டாள். சுதந்திரம் வந்தபோது பக்கத்து ஊரான புதுக்குடியிலிருந்து வந்த தீவட்டி ஊர்வலம் ஓடைக்கரையோடு நின்றுவிட்டது, கொடியை மட்டும் உள்ளே கொண்டுவந்தார்கள். பின்னால் மின்சாரம் வந்தது, அது நெருப்பில் சேர்த்தி இல்லைபோலிருக்கிறது, பல்பு எரிந்தது, ஆனால் தொட்டால் மோர்ப்பானை மாதிரிச் சில்லென்று இருந்தது. விசைப்படகு வாங்கியவர்கள் முனையைத் தாண்டும்வரை அதைக் கழிபோட்டுத் தள்ளிக்கொண்டுபோய், அப்புறம்தான் இன்ஜினை முடுக்கினார்கள். மோட்டார் வண்டி எதுவாக இருந்தாலும் ஓடைக்கு இந்தப் பக்கம் இருமிவிட்டு நின்றுவிடும், அதைக் காரணம் காட்டி எங்களுக்குச் சாலையே போடவில்லை.

அம்பலத்தின் மகன் பூமிநாதன் கெட்டிக்காரன். சிவகாசியிலிருந்து பட்டாசு எடுத்து விற்கிற வியாபாரிகளிடம் போய், தீப்பிடிக்கவே பிடிக்காத இடம் என்று சொல்லி, ஊருக்குள் பெரிய கிட்டங்கி கட்டி அவர்கள் சரக்கையெல்லாம் அடுக்கி வாடகை வாங்கினான். தமிழ்நாட்டிலேயே அதிகப் பட்டாசு இருந்த ஊர் எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்; எங்கள் பிள்ளைகள் தீபாவளிக்கு வாயால் டமார் டமார் என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

பிள்ளை பிறக்க வெந்நீர் வேண்டுமென்பதால் மாதம் நிறைந்த பெண்களை அக்கரைக்குக் கொண்டுபோய்விடுவோம். செத்தவர்களையும் அக்கரைக்குத்தான் தூக்கினோம், அங்கே புதுக்குடிக்காரர்கள் ஒவ்வொரு பிணத்துக்கும் முணுமுணுத்தார்கள். பிறப்பும் அடுத்தவன் மண்ணில், சாவும் அடுத்தவன் மண்ணில். நடுவில் இருந்த பாட்டை மட்டும் எங்கள் மண்ணில் பட்டோம்.

ஒரு ஐப்பசியில் கடல் ஏறி, ஓடை ஆறாகி, தோணிகூடப் போட முடியாமல் ஊர் தனியாக நின்றபோது சீனியம்மாளுக்கு வலி வந்தது. நாள் முந்தி வந்த பிள்ளை. ஆண். கூரையெல்லாம் ஒழுகியது, வீட்டில் ஈரமில்லாத துணி ஒன்றுகூட இல்லை, ஊர்ப் பெண்கள் மாற்றி மாற்றித் தங்கள் வயிற்றோடு அணைத்துச் சூடு கொடுத்தார்கள். அது நீலம்பாரித்துக்கொண்டு வந்தது. கடைசியில் சீனியம்மாள் அதை வாங்கி, எரியாத அடுப்பின் முன்னால், குளிர்காய்கிறவள்போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழை விடும்வரை எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளையில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு உயிரில் ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியிருந்தது: தன் அடுப்பில் நெருப்பு வர வேண்டும். வருஷாவருஷம் தைக்கு முன்னால் பழைய அடுப்பை இடித்துவிட்டு, ஓடைக் களிமண்ணைப் பிசைந்து புதிதாக மூன்று குமிழ் வைத்து அடுப்புப் போடுவாள், சாணியால் மெழுகுவாள், கோலம் போடுவாள். எங்கள் வீட்டு அடுப்பு கரியே படாமல் வெள்ளைவெளேரென்று இருக்கும். பார்க்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

"ஏன்டி சீனி, அடுப்பா இது, புள்ளையாரா? தெனமும் பூசை பண்ணுற," என்பாள் சண்டை முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்கு வாழவந்த இருளாயி.

"புள்ளையார்னா இந்நேரம் எந்திரிச்சு வந்திருப்பாரு," என்பாள் இவள்.

சாமானை எடுக்கச் சொல்லி அவள் சொல்ல நான் எழுதி, கை சலிக்க மனுக்கள் அனுப்பினோம். அங்கே புதைபொருள் எதுவும் இல்லை என்று முதலில் பதில் வந்தது. அப்படியானால் நாங்கள் தோண்டிக்கொள்கிறோம் என்றதற்கு, அது ராணுவச் சொத்து, தொடக் கூடாது என்று வந்தது. இளவட்டங்கள் சிலர் தாங்களாகவே மண்வெட்டியோடு கிளம்பி, இல்லாத பொருளைத் திருட முயன்றதாகச் சிறைக்குப் போய் வந்தார்கள். மணலைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். தாழை வருஷம் தவறாமல் பூத்தது. நாங்கள் நரைத்தோம்.

அப்படி இருக்கையில்தான் எண்ணெய் இலாகாவிலிருந்து இன்ஜினியர் சாரங்கன் வந்தார். சின்ன வயசுக்காரர், சென்னைக்காரர். ஜீப் ஓடைக்கரையில் நின்றுவிட, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு தீப்பெட்டியை முழுக்கக் கிழித்துப் பார்த்தார். ஒவ்வொரு குச்சி தோற்கும்போதும் அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"இப்படி ஒரு மண்ணு இந்தியாவிலேயே கிடையாதும்மா," என்றார்.

"மண்ணு இல்ல தம்பி, நாங்க குடுத்த வாக்கு," என்று ஆரம்பித்து, சீனியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பட்டணத்தில் படித்தவர்கள் கதை கேட்கும்போது வைத்துக்கொள்கிற புன்னகையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய தொட்டியெல்லாம் எப்படியும் எடுத்துடுவோம். துருப்பிடிச்சு ஓட்டையாகிக் கெடக்கும்," என்றார்.

சீனியம்மாள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவருக்கு அன்று ஆறின சோறும் சுறாப்புட்டும் போட்டாள். எடுத்த இடத்தில் எதை வைக்கப் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. நாங்கள் யாருமே கேட்கவில்லை.

பாரந்தூக்கி இயந்திரங்கள் ஓடையைத் தாண்ட முடியாமல் அந்தப் பக்கமே வரிசையாகக் கிடந்தன. அதனால் தோண்டுவதும் இழுப்பதும் எங்கள் கையில் வந்தது. கரைவலை இழுக்கிற ஜனங்கள் நாங்கள்; ஒரு ஊரே சேர்ந்து கடலையே இழுத்துக் கரையில் போடுவதுபோல இழுப்போம். வலைக்கயிற்றைத் தொட்டிகளில் கட்டி, பனந்தடிகளை உருளையாகப் போட்டு, ஆணும் பெண்ணும் இரண்டு வரிசையாக நின்று, ஏலேலோ ஐலசா என்று அம்பாப் பாட்டோடு ஒவ்வொரு தொட்டியாக மணலிலிருந்து பிடுங்கினோம். துருவும் சேறுமாக, இன்னும் பாதி பெட்ரோல் குலுங்கக் குலுங்க, செத்த திமிங்கிலங்கள்போல அவை ஊர்த்தெரு வழியாக ஓடைக்குப் போயின. சீனியம்மாளுக்கு அப்போது கால் வீங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கயிற்றின் கடைசியில் சும்மா பிடித்துக்கொண்டாவது நின்றாள்.

கடைசித் தொட்டி ஓடையைத் தாண்டி அக்கரை மணலில் ஏறியபோது மத்தியானம். அக்கரை அடுப்புகளில் சாம்பலுக்குள் கிடந்த கங்கெல்லாம் ஒரே சமயத்தில் சிவந்தது. சீனியம்மாள் தன் சட்டியில் கங்கை அள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நடு ஓடையில் நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கங்கு கறுக்கவில்லை. இந்தப் பக்கம் ஏறினாள், தெருவில் நடந்தாள், வீட்டுக்குள் போய் வெள்ளை அடுப்பில் வைத்து ஊதினாள். சுள்ளி படபடவென்று பற்றியது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ அடுப்பைப் பார்த்து, தாமதமாக வீடு திரும்பிய மகனிடம் கேட்பதுபோல, "சாப்பிட்டியா?" என்றாள்.

அன்று எங்கள் வீட்டில், எங்கள் கூரைக்குக் கீழே, ஆவி பறக்கிற சோற்றைச் சாப்பிட்டேன். நாக்கு பொத்துப்போனது.

ஊர் இரண்டு நாள் கொண்டாடியது. மூன்றாம் நாள், அடுப்பைப் பக்கத்தில் வைத்துப் பழகாத வீடு ஒன்றில் பொறி பறந்து கூரை பிடித்தது, காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பூமிநாதன் கிட்டங்கியில் போட்டது. உச்சிவெயிலில் ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை பட்டாசு வெடித்தது. எங்கள் பிள்ளைகள் வாயால் வெடித்த தீபாவளியெல்லாம் சேர்த்து அன்று வெடித்தது. வெயிலில் நிறம் தெரியாத வாணங்கள் சீறிக்கொண்டு கடலில் விழுந்தன. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் பூமிநாதன் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான், கைசுட்ட பிள்ளைகள் அழுதன, வீடு வீடாக முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷம் இது இல்லாமல் என்ன குறைந்துபோனோம் என்று ஒருத்தர் சொன்னார். நாலு பேர் ஆமென்றார்கள்.

புதிய தொட்டிகள் வந்தபோது அவற்றை இழுக்க எங்களை யாரும் கூப்பிடவில்லை. லாரிகள் ஊருக்குள்ளேயே உறுமிக்கொண்டு வந்தன. பழையவற்றைப்போல மூன்று மடங்கு பெரியவை, பளபளவென்று, நாங்கள் தோண்டிக்கொடுத்த குழிகளிலேயே இறங்கின. பெட்ரோல் நிரப்புவதற்கு முன்னால் சாரங்கன் வந்து, எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்த நெருப்பைப் பார்த்து, நின்ற இடத்திலேயே நின்றார். இந்தத் தடவை அவர் முகத்தில் அந்தப் புன்னகை இல்லை.

ஊரைக் கூட்டினார்கள். "நெருப்புள்ள ஊரைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க முடியாது, காலிபண்ணச் சொல்லி மேலேர்ந்து உத்தரவு," என்றார் சாரங்கன். பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லேன்னா இன்னொரு வழி இருக்கு. அன்னிக்குச் சொன்ன மாதிரி நெருப்பை மறுபடியும் அனுப்பிவெச்சுடுங்க. அப்போ ஊர் இங்கேயே இருக்கலாம், நானே எழுதித் தர்றேன்," என்றார். ஒரு அரசாங்க இன்ஜினியர் எங்கள் வாக்கை நம்பினார். அதைப் பார்க்க அம்பலம் இல்லை.

யார் சொல்வது? அன்று சட்டி ஏந்திய பெண்களில் மிச்சமிருந்தவள் சீனியம்மாள் ஒருத்திதான். ஊர் முழுக்க எங்கள் வாசலில் வந்து நின்றது.

"சித்தி, ஒரு வார்த்தை," என்றான் பூமிநாதன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா ஊரு பொழைச்சுக்கும். நெருப்பில்லாமத்தான இம்புட்டுக் காலம் இருந்தோம்?"

"நீ இருந்த. வாடகை வந்துச்சு," என்றாள் அவள்.

எல்லாரும் போன பிறகு நானும் சொன்னேன், இந்த வயசில் வீட்டை விட்டு எங்கே போவது, சொல்லிவிடு என்று. அவள் அடுப்பைக் கிளறிக்கொண்டே, "ஒரு தடவ ஒருத்தன் சாமானுக்காக அனுப்புனோம். எம்புள்ளையக் குடுத்தோம். இப்ப இன்னொருத்தன் சாமான். நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். அது நம்மள என்னன்னு நெனைக்கும்?" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஊர் ஓடைக்கரையில் கூடியது. சீனியம்மாள் சட்டியில் கங்கோடு, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, நடந்து வந்தாள். ஓடையில் இறங்கவில்லை. இந்தக் கரையிலேயே சட்டியை இறக்கிவைத்தாள். உப்பை அள்ளினாள். சாரங்கன் கைகட்டிக்கொண்டு நின்றார்.

"ஆத்தா," என்றாள், "அன்னைக்கு ஒன்னயப் போகச் சொன்னோம், நீ போன. எங்க வார்த்தைய நீ காப்பாத்துன மாதிரி எங்கள யாரும் காப்பாத்தல. இன்னைக்கு ஒன்னயப் போகச் சொல்ல எனக்கு வாயில்ல. நீ இரு. யாரு வந்து சொன்னாலும் போகாத. நாங்க போறோம். உப்புமேல சத்தியம்."

கங்கு ஒருதரம் மினுங்கி அடங்கியது.

அப்புறம் பூமிநாதன், "ஊரத் தின்னுட்டியே, பாவி," என்றான். அதுவரை அவளைச் சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்.

எங்களைப் புதுக்குடிக்கு அப்பால் உவர்த் தரையில் கட்டிய சிமெண்டு வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். குடிபெயர்ந்தபோது எல்லாரும் அடுப்புக் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். சீனியம்மாள் மட்டும் அடுப்பை எரியவிட்டு, பக்கத்தில் விறகை அடுக்கி, கதவைச் சாத்தாமல் வந்தாள். புது வீட்டில் தீக்குச்சி கிழித்துச் சமைத்தாள். "இது கடையில வாங்குன நெருப்பு," என்று சொல்லிக்கொண்டேதான் சமைத்தாள். அவளோடு யாரும் பேசவில்லை. இருளாயிகூடத் தண்ணீர்க் குழாயில் அவளைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறைப்பட்டதில்லை. அடுத்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.

அவள் சிதைக்குக் கோரைமுனைக் கங்கு வேண்டும் என்று நினைத்தேன். தனக்கென்று எதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை, இதையும் கேட்கவில்லை, நானாகத்தான் நினைத்தேன். ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். அங்கே இப்போது இரும்புக் கதவு இருந்தது, காவல்காரன் நின்றான்.

"உள்ள என் வீட்டு அடுப்பு எரியுது தம்பி. ஒரு கங்கு எடுத்துக்கிட்டு வந்துர்றேன். பொணம் காத்துக் கெடக்கு," என்றேன்.

"உள்ளே நெருப்பெல்லாம் கிடையாது பெரியவரே," என்றான் அவன். "இது எண்ணெய்க் கிடங்கு. நெருப்பு இருக்குமா? இல்லைன்னுதான் மேலே எழுதிப் போயிருக்கு."

அவன் தோளுக்குப் பின்னால், இடிந்த கூரைகளுக்கு நடுவே, என் வீடு இருந்த இடத்தில் புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. அவனும் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கிடையாது," என்றான்.

கடையில் வாங்கின நெருப்பில்தான் அவளை எரித்தேன். தோள் கொடுக்கப் புதுக்குடியிலிருந்து ஆள் வந்தது.

அந்தத் தொட்டிகளில் இன்றுவரை ஒரு சொட்டு பெட்ரோல் நிரப்பவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களாம், மண்ணைப் போட்டு மூடினார்களாம், அடுப்பை இடித்தும் பார்த்தார்களாம், தரையிலிருந்தே எரிகிறதாம். எங்களைத் திரும்பப் போகவும் விடவில்லை. கிடங்குமில்லை, ஊருமில்லை, வேலி மட்டும் இருக்கிறது, வருஷாவருஷம் அதற்குச் சாயம் அடிக்கிறார்கள்.

சில சாயங்காலங்களில் நான் ஓடைக்கரைவரை நடந்துபோய் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிழைத்தோமா கெட்டோமா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. உலை கொதித்துவிட்டது, மூடி தள்ளுகிறது, பானையை இறக்கிவைக்கத்தான் வீட்டில் ஆளில்லை என்பதுபோல அது போய்க்கொண்டே இருக்கிறது.